பட்டனுக்கு நம்பர் போடுவதை நிறுத்துவோம்!

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "சிட்டிசன் படத்தில் காணாமல் போகுமே, அந்த ஊரா?" என்பதுதான். 2001இல் வந்த அந்தப் படத்தில் வருவது அத்திப்பட்டி. எங்களுடையது அத்திப்பட்டு. கடைசி எழுத்தில் மட்டும்தான் வித்தியாசம்.

குழப்பம் இதோடு முடியவில்லை. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் எண்ணூரைத் தாண்டினால் அத்திப்பட்டு புதுநகர் வரும். அதற்கு அடுத்த ஸ்டேஷன் அத்திப்பட்டு. ரயில்வே இவற்றுக்குக் கொடுத்திருக்கும் கோடு முறையே ஏ.ஐ.பி.பி., ஏ.ஐ.பி. இங்கேயும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வரும் உறவினர்களில் யாராவது ஒருவர் தவறான ஸ்டேஷனில் இறங்கி போன் செய்யாமல் இருந்ததில்லை.

இறங்கிய இடம் தவறினால் ஆட்டோ பிடித்து வந்துவிடலாம். ஆனால் ஒரு புரோகிராமுக்குள் இரண்டு பட்டன்களின் அடையாளம் குழம்பினால்? அப்படி ஒரு குழப்பத்தால் எனக்குத் தெரிந்த ஒருவருடைய சம்பளத்தில் கை வைத்தார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

எடை மேடையில் மாயமான லாரி

எங்கள் பக்கம் அனல் மின் நிலையம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், கன்டெய்னர் யார்டுகள் என்று எப்போதும் லாரி ஓடிக்கொண்டே இருக்கும். லாரி ஓடும் இடமெல்லாம் எடை மேடை உண்டு. அப்படி ஒரு தனியார் எடை மேடையில் (பெயர் வேண்டாம்) இரவு ஷிப்ட் ஆபரேட்டராக இருக்கும் அண்ணன் எங்கள் அடுத்த தெருக்காரர். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "தம்பி, நீ கம்ப்யூட்டர் இன்ஜினீயர்தானே, ஒரு விஷயம் பார்த்துச் சொல்லேன்" என்றார்.

நடந்தது இதுதான். லோடு வண்டி உள்ளே வரும்போது முதல் எடை. சரக்கை இறக்கிவிட்டு வெளியே போகும்போது இரண்டாம் எடை. இரண்டையும் கழித்தால் சரக்கின் எடை. முதல் எடை போட்டதும் அந்த வண்டி எண்ணுடன் ஒரு பட்டன் திரையில் தோன்றும். வண்டி திரும்பி வந்ததும் அந்தப் பட்டனை அழுத்தினால் இரண்டாம் எடை பதிவாகிச் சீட்டு வரும்.

அன்று நல்ல மழை. இறக்கும் இடத்தில் வேலை நின்றுவிட்டதால் வண்டிகள் உள்ளேயே தேங்கின. கடைசியாக வந்த ஒரு லாரி மட்டும் வேறு கிடங்கில் இறக்கிவிட்டு முதலில் திரும்பியது. அண்ணன் அதன் பட்டனை அழுத்தினார். சீட்டு வரவில்லை. பட்டனையே காணோம். முதல் எடையும் போய்விட்டது. சரக்கை இறக்கியாகிவிட்டது. இனி அந்த வண்டி எவ்வளவு கொண்டுவந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

டிரைவர் சத்தம் போட்டார். சரக்குக்காரர் சத்தம் போட்டார். உரிமையாளர், "நீதான் ரத்து பட்டனை அமுக்கியிருக்கே" என்று முடித்துவிட்டார். அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தம்.

"ரத்து பக்கம் என் கையே போகல தம்பி. வண்டி நம்பரைத்தான் அமுக்கினேன். இதுக்கு முன்னாடியும் இப்படி ரெண்டு தடவை ஆயிருக்கு. ரெண்டும் மழை நாள்தான்" என்றார் அவர்.

மழைக்கும் சாஃப்ட்வேருக்கும் என்ன சம்பந்தம்?

100 + வரிசை எண்

உரிமையாளரிடம் கெஞ்சி சோர்ஸ் கோடை வாங்கினேன். பைத்தான் 2, டபிள்யூஎக்ஸ் பைத்தான் 2.8. பத்து வருடங்களுக்கு மேல் பழைய புரோகிராம். எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

அரை மணி நேரத்தில் விடை கிடைத்தது. புரோகிராமர் ஒவ்வொரு பட்டனுக்கும் கையாலேயே ஒரு ஐடி கொடுத்திருந்தார். காத்திருக்கும் வண்டிகளுக்கு 100 உடன் வரிசை எண்ணைக் கூட்டி ஐடி. முதல் வண்டிக்கு 100, இரண்டாவதற்கு 101, இப்படியே. ஒரே நேரத்தில் இருபது வண்டிகளுக்கு மேல் உள்ளே நிற்காது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஆகவே "கடைசிப் பதிவை ரத்து செய்" என்ற பட்டனுக்கு 120 என்ற ஐடியைக் கொடுத்துவிட்டார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது வண்டிகள் 100 முதல் 119 வரை எடுத்துக்கொள்ளும். இருபத்தொன்றாவது வண்டிக்கு 120. ரத்து பட்டனுக்கும் அதே 120.

டபிள்யூஎக்ஸ் பைத்தானில் ஒரே ஐடிக்கு இரண்டு ஹேண்ட்லர்களை இணைத்தால், கடைசியாக இணைத்தது முதலில் அழைக்கப்படும். அது ஈவென்டை மேலே அனுப்பாமல் விட்டுவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. இந்த புரோகிராமில் 100 முதல் 199 வரை எல்லா ஐடிகளும் முதலில் "இரண்டாம் எடை" ஹேண்ட்லருக்கு இணைக்கப்பட்டிருந்தன. அதற்குப் பிறகுதான் 120 தனியாக "ரத்து" ஹேண்ட்லருக்கு இணைக்கப்பட்டிருந்தது. ஆகவே இருபத்தொன்றாவது வண்டியின் பட்டனை அழுத்தினால் ரத்து வேலை செய்யும். "நிச்சயமா?" என்ற கேள்வி கூடக் கேட்காமல் கடைசிப் பதிவை அழித்துவிடும். அன்று அந்தக் கடைசிப் பதிவு அதே வண்டியுடையது.

வெயில் நாளில் பத்து வண்டிகள் நிற்கும். பிரச்சினை வராது. மழை நாளில் இருபதைத் தாண்டும். அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அவர் விரல் தவறு செய்யவில்லை.

நம்பர் எங்கிருந்து வந்தது?

பழைய புரோகிராமரை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அந்தக் காலத்துப் புத்தகங்களும் உதாரணங்களும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தன. காரணம் இருக்கிறது.

டபிள்யூஎக்ஸ் பைத்தான் என்பது டபிள்யூஎக்ஸ் விட்ஜெட்ஸ் என்ற சி++ தொகுப்பின் மேல் போர்த்திய பைத்தான் சட்டை. 1992இல் ஜூலியன் ஸ்மார்ட் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது மூலத் தொகுப்பு. அதைப் பைத்தானுக்கு நெடுங்காலம் கொண்டுவந்து தந்தவர் ராபின் டன். சி++ புரோகிராமில் "இந்த ஐடியிலிருந்து கிளிக் வந்தால் இந்த ஃபங்ஷனை அழை" என்று ஒரு பட்டியல் எழுதுவார்கள். அந்தப் பட்டியல் கம்பைல் செய்யும்போதே தயாராகிவிடும். அப்போது பட்டன் என்ற பொருளே இன்னும் பிறந்திருக்காது. பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைப்பதுபோல ஒரு எண்ணை முன்கூட்டியே ஒதுக்கித்தான் ஆகவேண்டும்.

அதற்கும் அடியில் இருக்கும் விண்டோஸ் சிஸ்டமும் எண்ணைத்தான் நம்புகிறது. ஒரு பட்டனை அழுத்தினால் விண்டோஸ் அனுப்பும் செய்தியில் கன்ட்ரோலின் ஐடிக்கு 16 பிட் இடம் உண்டு. அதாவது 65,536 எண்கள். இதுதான் ஐடி என்ற வழக்கத்தின் வேர்.

பைத்தானில் இந்தக் கட்டாயம் இல்லை. புரோகிராம் ஓடும்போது பட்டன் ஒரு பொருளாக நம் கையிலேயே இருக்கிறது. அதைக் காட்டி, "இதை அழுத்தினால் இந்த ஃபங்ஷனை அழை" என்று சொன்னால் போதும். 2004இல் வந்த 2.5 பதிப்பில் "பைண்ட்" என்ற மெத்தட் இதற்காகவே சேர்க்கப்பட்டது. ஐடி இடத்தில் "ஐடி எனி" என்று எழுதினால் (அதன் மதிப்பு -1) டபிள்யூஎக்ஸ் தானே ஒரு ஐடியைக் கொடுத்துக்கொள்ளும். அந்த எண் என்ன என்று நாம் தெரிந்துகொள்ளவே தேவையில்லை.

எடை மேடை புரோகிராமின் 2.8 பதிப்பிலும் இந்த வசதி இருந்தது. இருந்தும் பயன்படுத்தவில்லை. பழைய உதாரணத்தைக் காப்பி செய்து ஒட்டியதன் விலையை, புரோகிராம் எழுதாத ஒருவர் கொடுத்தார்.

ஐடியே வேண்டாமா?

அப்படியும் சொல்ல முடியாது. ஐடி உண்மையிலேயே உதவும் இடங்கள் சில உண்டு.

முதலாவது, டபிள்யூஎக்ஸ் தானே வைத்திருக்கும் பொது ஐடிகள். ஓகே, கேன்சல், எக்ஸிட், அபவுட், சேவ் போன்றவை. இவற்றுக்கு அர்த்தம் இருக்கிறது. டயலாகில் ஓகே ஐடி உள்ள பட்டனை வைத்தால், அதை அழுத்தியதும் டயலாக் தானே மூடிக்கொண்டு சரியான விடையைத் தரும். மேக் கம்ப்யூட்டரில் எக்ஸிட், அபவுட் இரண்டும் அந்தச் சிஸ்டத்தின் வழக்கப்படி சரியான மெனுவுக்குத் தாமாகவே போய்ச் சேரும். இவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பொது ஐடிகள் 4999 முதல் 5999 வரையுள்ள எல்லைக்குள் இருக்கின்றன. எக்ஸிட் 5006. "பெரிய எண்ணாக இருந்தால் மோதாது" என்று நினைத்து 5000இலிருந்து எண்ண ஆரம்பித்தால், உங்கள் ஏழாவது பட்டன் எக்ஸிட்டோடு போய் மோதும்.

இரண்டாவது, ஒரே வேலையை மெனு, டூல்பார், ஷார்ட்கட் கீ மூன்றிலிருந்தும் செய்யவேண்டும் என்றால் மூன்றுக்கும் பொதுவாக ஒரே ஐடி கொடுப்பது வசதி. இங்கே ஐடி குறிப்பது பட்டனை அல்ல, வேலையை.

இதற்கும் எண்ணை நீங்கள் யோசிக்க வேண்டாம். 2018இல் பைத்தான் 3க்காக வந்த டபிள்யூஎக்ஸ் பைத்தான் 4 வரிசையில் பழைய "நியூ ஐடி" கைவிடப்பட்டு "நியூ ஐடி ரெஃப்" வந்திருக்கிறது. பழையது எண்ணிக்கொண்டே போகும், திரும்ப வாங்கிக்கொள்ளாது. புதியது தரும் ஐடியை யாரும் பிடித்து வைத்திருக்காதபோது, அது விடுவிக்கப்பட்டு வேறொருவருக்குப் போகலாம். ஆகவே வாங்கிய ஐடியை உங்கள் கிளாஸில் ஒரு வேரியபிளில் பத்திரமாக வைத்திருங்கள். ஒரு ஃபங்ஷனுக்குள் வாங்கி அங்கேயே மறந்துவிட்டால் மறுபடியும் அத்திப்பட்டு, அத்திப்பட்டி குழப்பம்தான்.

டிகின்டர்காரர்களுக்கு

"நான் டிகின்டர்தான் பயன்படுத்துகிறேன், எனக்கு ஐடியே கிடையாது" என்று சிரிக்கிறீர்களா? உங்களுக்கும் உண்டு. ஒவ்வொரு விட்ஜெட்டுக்கும் டிகின்டர் ஒரு பெயர் வைக்கிறது. கதவு எண், தெரு, ஊர் என்று முகவரி எழுதுவதுபோல, விண்டோவின் பெயர், அதற்குள் ஃபிரேம், அதற்குள் பட்டன் என்று அது நீளும். முன்பெல்லாம் தானாக வைத்த பெயர் ஒரு நீளமான எண்ணாக இருக்கும், பார்த்தால் ஒன்றும் புரியாது. பைத்தான் 3.6 முதல் ஃபிரேம், பட்டன், பட்டன்2 என்று படிக்கும்படி வருகிறது. எரர் வந்தால் எந்த விட்ஜெட் என்று கண்டுபிடிக்க இது பெரிய உதவி.

கேன்வாஸில் வரையும் ஒவ்வொரு கோட்டுக்கும் வட்டத்துக்கும் ஒரு எண் திரும்பி வரும். "ஆஃப்டர்" மூலம் வைக்கும் டைமருக்கும் ஒரு ஐடி வரும். அதைச் சேமிக்காமல் விட்டால் பிறகு அந்த டைமரை நிறுத்த வழியில்லை.

லூப் போட்டுப் பட்டன் உண்டாக்குபவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. இருபது பட்டன்களை லூப்பில் உண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் லேம்டா எழுதி, லூப்பின் வேரியபிளை அதற்குள் அப்படியே கொடுத்துவிடுவோம். எந்தப் பட்டனை அழுத்தினாலும் கடைசி வண்டிதான் வரும்! லேம்டா அந்த வேரியபிளை எழுதும்போது பார்ப்பதில்லை, அழுத்தும்போதுதான் பார்க்கிறது. அதற்குள் லூப் முடிந்திருக்கும். லேம்டாவின் டிஃபால்ட் ஆர்குமென்ட்டாக மதிப்பைப் பிடித்து வையுங்கள். அல்லது "பார்ஷியல்" பயன்படுத்துங்கள். ஐடி எண்களை விட்டு வெளியே வரும்போது இந்தப் பள்ளத்தில் விழுந்தால், நோய் மாறியதே தவிர குணமாகவில்லை.

வண்டியின் அடையாளம் எது?

இனி என் முக்கியமான கருத்துக்கு வருகிறேன். எடை மேடை புரோகிராமில் ஐடி மோதியது வெளியே தெரிந்த தவறு. உண்மையான தவறு அதற்கும் முன்னால் நடந்தது. "திரையில் எத்தனையாவது பட்டன்" என்பதையும் "எந்த வண்டி" என்பதையும் ஒன்றாக நினைத்ததுதான் அது.

பட்டனின் ஐடி திரையின் சொந்த விவகாரம். புரோகிராமை மூடினால் அது செத்துவிடும். வண்டியின் அடையாளம் நாளையும் இருக்கவேண்டும், அடுத்த மாதம் கணக்குப் பார்க்கும்போதும் இருக்கவேண்டும். சரி, வண்டியின் பதிவு எண்ணை வைத்துக்கொள்ளலாமா என்றால் அதுவும் சரிவராது. ஒரே லாரி ஒரே நாளில் மூன்று ட்ரிப் அடிக்கும். ஒவ்வொரு முதல் எடைக்கும் டேட்டாபேஸ் தரும் சீட்டு எண்தான் உண்மையான அடையாளம்.

நான் செய்த திருத்தம் எளிமையானது. எல்லாப் பட்டன்களுக்கும் "ஐடி எனி". சீட்டு எண்ணைச் சாவியாகவும் பட்டனை மதிப்பாகவும் வைத்து ஒரு டிக்ஷனரி. பட்டனை அழுத்தினால் ஹேண்ட்லருக்குச் சீட்டு எண் போகும். வண்டி வெளியேறினால் திரையிலிருந்தும் டிக்ஷனரியிலிருந்தும் பட்டன் நீங்கும். ரத்து செய்தால் பதிவு அழியாது, "ரத்து" என்று குறிக்கப்பட்டு நேரத்தோடு நிற்கும். அழுத்துவதற்கு முன் வண்டி எண்ணைக் காட்டி ஒரு கேள்வி கேட்கும்.

தமிழ்ப் பெயர் வைப்பவர்கள் கவனிக்க

பைத்தான் 3இல் வேரியபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. தமிழ்க் கட்டளைச் சொற்களால் புரோகிராம் எழுத, முத்தையா அண்ணாமலை பைத்தானைக் கொண்டு "எழில்" என்ற மொழியையே உருவாக்கியிருக்கிறார். நானும் சிறு புரோகிராம்களில் பட்டன்களுக்குத் தமிழ்ப் பெயர் வைப்பதுண்டு. அதில் ஒரு கண்ணி இருக்கிறது.

பொன்னேரி என்று டைப் செய்யுங்கள். முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வேரியபிள் பெயராக இருந்தால் பைத்தானே இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் டிக்ஷனரியில் சாவியாக வைக்கும் சொல்லை அது தொடாது. ஒரு பொன்னேரியில் வைத்ததை இன்னொரு பொன்னேரியில் தேடினால் கிடைக்காது! யூனிகோடு டேட்டா மாட்யூலில் உள்ள "நார்மலைஸ்" ஃபங்ஷனை என்.எஃப்.சி. முறையில் ஓட்டிவிட்டுச் சேமித்தால் தொல்லை இல்லை.

"சின்ன புரோகிராம்தானே?"

இதையெல்லாம் சொன்னால் நண்பர்கள் கேட்கும் கேள்வி, "நாலு பட்டன் உள்ள சின்ன புரோகிராமுக்கு இவ்வளவு எதற்கு? 1, 2, 3, 4 என்று போட்டுவிட்டுப் போகலாமே?" என்பதுதான்.

சின்ன புரோகிராம் சின்னதாகவே இருப்பதில்லை. எடை மேடை புரோகிராமும் ஒரு நாள் நாலு பட்டனோடுதான் பிறந்திருக்கும். மேலும், "ஐடி எனி" போட்டுப் பட்டனை நேராக இணைப்பது கூடுதல் வேலை அல்ல, குறைந்த வேலை. எண்களை ஞாபகம் வைக்க வேண்டாம், தனியாகப் பட்டியல் எழுத வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் இடம்பெற்றது. அதைப் படித்து வந்த மாணவர்கள் இன்று கடைக்கும் கிளினிக்குக்கும் சிறு புரோகிராம்கள் எழுதித் தருகிறார்கள். நல்ல விஷயம். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். நீங்கள் எழுதியதை இரவு மூன்று மணிக்குத் தூக்கக் கண்ணோடு ஒருவர் பயன்படுத்துவார். தவறு நடந்தால் பழி முதலில் அவர்மேல்தான் விழும். கோடைத் திறந்து பார்க்க அவரால் முடியாது.

உங்கள் பழைய புரோகிராம்கள் ஏதாவது இருந்தால் இந்த வாரம் திறந்து, கையால் எழுதிய ஐடி எண்கள் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். இருந்தால், நீங்கள் எதிர்பார்த்த உச்ச எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக வைத்து ஓட்டிப் பாருங்கள். நான் இருபத்தொரு போலி வண்டிகளை உள்ளே விட்டுத்தான் தவறைப் பிடித்தேன்.

உரிமையாளர் முன்னால் அதே இருபத்தொரு வண்டிகளை வைத்துப் பழைய புரோகிராமை ஓட்டிக் காட்டினேன். கடைசி வண்டியை அவரையே அழுத்தச் சொன்னேன். பட்டன் மறைந்தது. சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி, புதுசைப் போட்டுடு" என்றார். பிடித்த பணம் இன்றுவரை திரும்பவில்லை.

அண்ணன் அதைப் பற்றிக் கேட்கவில்லை. வெளியே வரும்போது அவர் கேட்டது வேறு: "அப்ப நான் அமுக்கினது சரிதானே தம்பி?"

"சரிதான் அண்ணே" என்றேன்.